யா வளைவுப் பலகையிலுள்ள பனிப்பூவை நீக்கக் கோரி

அனுப்புநர்:
மைமு தாகெல்,
(காலஞ்சென்ற கால்யோ தாகெலின் மனைவி),
முடி திருத்துபவர்,
பழைய பால் மேடைக்கு எதிர்வீடு,
சிர்குபாலோ ஊர், வோரு மாவட்டம்,
எஸ்டோனியா.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள்,
வட்டாரச் சாலை அலுவலகம்.

பொருள்: சாலை – சிர்குபாலோ ஊர், யா வளைவை நேராக்கும் பணி நிறுத்தப்பட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – நிறுத்தத்தை நிரந்தரமாக்குதல், பலகையிலுள்ள பனிப்பூச் சின்னத்தை அகற்றுதல், வெட்டப்பட்ட மரத்துண்டை உரிய இடத்தில் சேர்த்தல், மனுதாரருக்கு ஒரு மரம் ஒதுக்குதல் – தொடர்பாக.

பார்வை: 1. வளைவை நேராக்குவது குறித்து வசந்த காலத்தில் ஊருக்கு வந்த தங்கள் அறிவிப்பு.
2. பணி "தற்காலிகமாக" நிறுத்தப்பட்டதாகத் தெரிவிக்கும் தங்கள் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் குறையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. பார்வை இரண்டில் கண்ட கடிதம் கைக்கு வந்தபோது, வாடிக்கையாளர்களை உட்கார வைத்து முடி வெட்டும் நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நிம்மதி. ஆகவே முதலில் நன்றி. மனமார்ந்த நன்றி.

ஆனால் கடிதத்தில் "தற்காலிகமாக" என்று ஒரு சொல் இருக்கிறது. பனி உருகி, வசந்தம் வந்து, புதிய ஒப்பந்தக்காரர் ஒருவர் ரம்பத்தோடு வந்து நின்றால் அந்தச் சொல் என்னைக் காப்பாற்றாது. அந்த ஒரு சொல்லை எடுக்க வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்கு முழு உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை ஊரில் யாரிடமும் நான் விவரமாகச் சொன்னதில்லை. அரசு அலுவலகத்துக்கு எழுதுவது எளிதாக இருக்கிறது. தாங்கள் நாளைக்கே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தலையைக் காட்டப் போவதில்லை.

1. சிர்குபாலோவில் யார் இறந்தாலும், தேவாலயக் கல்லறைக்குப் போகும் வழியில் வண்டி யா வளைவில் நிற்கும். பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஆண்கள் இறங்குவார்கள். இறந்தவரின் நெருங்கிய ஆண் உறவினர் ஒருவர் சாலையோரப் பைன் மரத்தின் பட்டையைச் சீவி, அதில் ஒரு சிலுவையை வெட்டுவார். ஆளுக்கொரு சிறு குவளை ஓட்கா. பிறகு வண்டி கிளம்பும். புதைத்த பிறகு வீட்டு நினைப்பு வந்து இறந்தவர் எழுந்து நடந்து வந்தால், அந்தச் சிலுவையைப் பார்ப்பார். தான் இறந்துபோனது ஞாபகத்துக்கு வரும். அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். அந்த மரத்திலேயே இருந்துகொள்வார். ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம். அப்படிச் சிலுவை தாங்கிய பைன் மரங்கள் அங்கே ஐந்து இருந்தன. இதையெல்லாம் நிஜமாகவே நம்புகிறீர்களா என்று தங்கள் அலுவலகப் பொறியாளர் திரீன் அவர்கள் கேட்டார். நம்புகிறோமா இல்லையா என்று நாங்கள் யோசித்ததில்லை ஐயா. வண்டி அங்கே நிற்கும், அவ்வளவுதான்.

2. தங்கள் அறிவிப்பு வந்ததும் ஊர் மன்றத்தில் கூட்டம் நடந்தது. திரீன் வந்திருந்தார். சின்னப் பெண்ணாக இருந்தாலும் மரியாதையாகப் பேசினார். இது பனி உறைந்து சறுக்கும் வளைவு, பெயரே அதைத்தான் சொல்கிறது, உயிர்ச்சேதம் நேரும் முன் நேராக்கிவிட வேண்டும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். ஐந்து மரங்களும் போயாக வேண்டும் என்பதில் அவருக்கே வருத்தம். அதற்கு ஈடாக அலுவலகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சிலுவை உள்ள பகுதியை மட்டும் வட்டமாக அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசி, அந்தந்தக் குடும்பத்துக்கு நினைவுப்பொருளாகக் கொடுப்பார்களாம். வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமாம்.

நாங்கள் எல்லோரும் "ரொம்ப நல்லது" என்றோம். இதைத் தாங்கள் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டதில் தவறில்லை. ஆனால் எங்கள் ஊர் வழக்கம் வேறு. இங்கே ஒருவர் "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு உடனே மேலங்கியைத் தேடினால், அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை என்று பொருள். அன்று மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் மேலங்கியைத் தேடினோம். செத்தவரைச் சாலையிலேயே நிறுத்திவைக்கத்தான் அந்தச் சிலுவை. அதைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டுவது என்றால், இத்தனை காலம் வெளியே நின்றவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவது போல. இதைச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

3. மற்றவர்களுக்கு அது சங்கடம். எனக்கு அது வேறு. பக்கத்து வீட்டு சல்மே தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்தபோது, "உனக்கென்னடி, நீ குடுத்து வெச்சவ. கால்யோவ மறுபடி வீட்டுலயே வெச்சுக்கலாம். அக்கார்டியன் சத்தம் கேட்டாலும் கேக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை; பாசமாகத்தான் சொன்னார். சாயத் தூரிகை தடம் மாறிவிட்டது. சல்மேயின் காதோரம் ஒரு வாரம் கறுப்பாகவே இருந்தது.

4. என் கணவர் கால்யோவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் குறை சொல்ல மாட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் அவர் அக்கார்டியன் இல்லாமல் ஆட்டம் கிடையாது. வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். ஆனால் அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுவார். உள்ளே வருகிறவர் வேறொருவர். அவர் என்னை அடித்ததில்லை. அடித்திருந்தால் வெளியே சொல்ல எளிதாக இருந்திருக்கும். எங்கே போனாய், யாருக்கு முடி வெட்டினாய், வெட்டும்போது என்ன சிரிப்பு, ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்பார். பதில் சொன்னால் பொய் என்பார். சொல்லாவிட்டால் வாரக்கணக்கில் பேச மாட்டார். பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முற்றத்துச் சரளைக் கல்லில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியேதான் சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன்.

அவர் சவ ஊர்வலம் யா வளைவில் நின்றபோது, பெண்களோடு பேருந்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் தோளைத் தடவினார்கள். வெளியே கோடரி விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். அதற்குப் பின் பதினோரு ஆண்டுகளாக, சரளையில் காலடி கேட்டால் யாரோ முடி வெட்டிக்கொள்ள வருகிறார் என்று மட்டும் நினைக்கிற வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. இதைவிடப் பெரிய சொத்து எனக்கு எதுவும் இல்லை.

ஆகவே, நான் அந்த மரத்தைக் காப்பாற்றக் கேட்பது, தங்கள் முதல் அறிவிப்பில் அன்போடு குறிப்பிட்டிருந்ததைப் போல, "மறைந்தவர்மீது குடும்பத்தார் கொண்ட பற்றால்" அல்ல. அவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதால்.

5. ஆகஸ்ட் மாதம் திரீன் தொலைபேசியில் அழைத்து, ஐந்து மரங்களில் என் கணவருடையது எது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தாகெல் குடும்பம் வேறு ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறியது. அந்தக் குடும்பத்தில் இந்த ஊரில் முதலில் இறந்தவர் கால்யோதான். அவருக்குப் புது மரம். அதை வெட்டியவர் அவருடைய தம்பி ஊனோ. திரீன் அழைத்த சமயம் அவர் பின்லாந்தில் கட்டட வேலையில் இருந்தார். நானோ அந்த வளைவில் ஒருநாளும் இறங்கியதில்லை. பேருந்து அங்கே திரும்பும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். கணவன் மரம் எது என்று தெரியாத மனைவி என்று பெயரெடுக்க வெட்கப்பட்டு, "முதல் மரம்" என்று சொல்லிவைத்தேன். "ரொம்ப நல்லது" என்றும் சேர்த்துச் சொன்னேன். தொலைபேசியில் மேலங்கி தெரியாதல்லவா.

அன்றிலிருந்து சரளைக்கு மறுபடியும் காது கொடுக்க ஆரம்பித்தேன். நல்ல வெயில் காலத்தில் ஜன்னல்களைச் சாத்திவைத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கொசு என்றேன்.

6. செப்டம்பரில் ஒரு முற்பகல் தங்கள் அலுவலக வேன் என் வீட்டு வெளிக்கதவில் வந்து நின்றது. திரீன் நல்ல உடை உடுத்தி, கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு இறங்கினார். ஓட்டுநர் பெரிய வட்டமான மரத்துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வார்னிஷ் பளபளத்தது. நடுவில் சிலுவை. நாட்டுக் கொடியின் நீல, கறுப்பு, வெள்ளை நிறத்தில் ரிப்பன் வேறு கட்டியிருந்தார்கள். முதல் மரம் முந்தின வாரமே விழுந்துவிட்டது என்றும் மற்றவை அடுத்த வாரம் என்றும் சொன்னார். முற்றத்தில் ஊனோ எனக்காகக் குளிர்கால விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர் பின்லாந்திலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் கதவுக் கொக்கியைப் பிடித்தபடி நின்றேன்.

"மைமு அம்மா, உங்களுக்குத்தான் முதல்ல கொண்டு வந்தோம். உள்ள எங்க மாட்டணும்னு காட்டுங்க, ஆணி கூட நாங்களே அடிச்சுத் தர்றோம்" என்றார் திரீன்.

"வேண்டாம்" என்றேன். இந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவர் அதுவரை கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.

"கனமா இருக்கேன்னு பாக்காதீங்க. டிரைவர் தூக்குவாரு."

"இந்தக் கதவத் தாண்டக் கூடாதும்மா. அவர் உள்ள வரக் கூடாது. வந்தா நான் வெளிய போயிடுவேன். அவர் உசுரோட இருந்தப்ப என்னால போக முடியல. இப்ப போயிடுவேன்."

ஓட்டுநர் மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். திரீன் கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். விறகு பிளக்கும் சத்தம் நின்றுபோனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊனோ எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அண்ணனைப் பற்றி அவர் காதில் விழும்படி இப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, கதவுக்கு மேலாகக் குனிந்து, கட்டைவிரலால் சிலுவையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணி, இது அண்ணன் இல்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். "இது யாரோ பழைய ஆளு. பாருங்க, வெட்டின ஓரமெல்லாம் உதடு மாதிரி தடிச்சு மூடியிருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வெட்டினது. அண்ணனோடது மூணாவது மரம். சிலுவைக்கு ஒரு கை நீளமா இருக்கும். ஆளுக்கு ஒரு குவளதான் வழக்கம், நாங்க ரெண்டு போட்டிருந்தோம்."

"நெசமாவா ஊனோ? மரம் நிக்குதா?"

"நேத்து அந்தப் பக்கம் போனப்ப பாத்தேனே, நிக்குது. நான் வெட்டினத எனக்குத் தெரியாதா? எல்லாரும் பட்டையச் சீவி லேசாக் கீறிட்டு விடுவாங்க. நான் அப்படி விடல. மூணு வெரல் ஆழத்துக்கு எறக்கினேன்." பிறகு, "உங்களுக்காகத்தான் அண்ணி. அவர் கூட ஒரே வீட்டுல வளந்தவன் நான்" என்றார்.

ஐயா, இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் தெரியாது என்று நான் மறைத்துவைத்திருந்தது, ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எப்போதும் அதிகம் பேசாதவர். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஆள். ஆனால் கையில் கோடரி கிடைத்த அந்த ஒரு தருணத்தில் எனக்காகப் பேசியிருக்கிறார். நான் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கணவர் இறந்ததற்கு அழாதவள், அவர் மரம் நிற்கிறது என்பதற்கு அழுதேன். திரீன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது அலுவலகத்துக்குத் திருப்பித் தர வேண்டியதா என்று தெரியவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

7. பிறகு எல்லோரும் முற்றத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தோம். திரீனுக்கு ஒரு கவலை தீரவில்லை. மரம் முக்கியம்தான், ஆனால் பனியில் வண்டி சறுக்கி உயிர் போனால் என்ன செய்வது, வளைவின் பெயரே அதுதானே என்றார். ஊனோ காபியைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார்.

"எங்க பேச்சுல பனிக்கட்டிக்கு 'இயா'ம்மா. 'யா'ன்னா 'இரு'. செத்தவங்ககிட்ட சொல்றது. இங்கயே இரு, வீட்டுக்கு வராதன்னு."

தாங்கள் தலைநகர்ப் பக்கத்தில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டேன். தங்கள் பேச்சில் "யா" என்றால் "இரு" என்றும் பொருள், பனிக்கட்டி என்றும் பொருள். இந்தக் குழப்பம் எங்கள் வோரு பேச்சில் கிடையாது. அப்படியிருக்க, வரைபடத்தில் பனிக்கட்டி எப்படி ஏறியது என்பதையும் ஊனோதான் சொன்னார். ஏற்றியவர் அருகில் நின்றவர் அவர். சிலுவை என்றாலே அரசுக்கு ஆகாத கூட்டுப்பண்ணைக் காலத்தில் தலைநகரிலிருந்து நில அளவைக்காரர் ஒருவர் வந்தார். பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்த கால்யோ அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். ஊனோ அளவைக்கோல் பிடித்தார். சிலுவை, செத்தவர் என்று பேசினால் மேலிடத்துக்குப் போய்விடும், மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

"யான்னா என்ன தோழரேன்னு அந்த ஆளு கேட்டாரு" என்றார் ஊனோ. "அண்ணன் கண்ணச் சிமிட்டாம சொன்னாரு, 'உங்க பேச்சுல பனிக்கட்டிதானே, அதேதான். குளிர்காலத்துல இங்க சறுக்காத ஆளே கெடையாது'ன்னு. சிலுவையெல்லாம் வனத்துறை போட்ட அடையாளம்னுட்டாரு. அவரும் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தப் பொய் வரைபடத்தில் ஏறியது. வரைபடத்திலிருந்து சாலைப் பலகைக்கு வந்தது. பலகையில் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பனிப்பூச் சின்னத்தைப் போட்டார்கள். பனிப்பூவைப் பார்த்து, ஆபத்தான வளைவு என்று அலுவலகம் முடிவு செய்தது. உண்மையில் அது வெயில் படும் மணல் மேடு; மாவட்டத்திலேயே பனி முதலில் உருகும் இடம். திரீன் பிறகு பழைய விபத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்ததில், அங்கே நடந்த ஒரே விபத்தில் சிக்கியது ஒரு மூஸ் மான், அதுவும் நடுக்கோடையில். அவர் அதைத் தங்களுக்கு எழுதியதால்தான் பணி நின்றது என்று அறிகிறேன். எங்கள் ஊர்க்காரரே சொன்ன பொய்யை நம்பியது அவர் குற்றமல்ல. அவரிடம் எந்த விளக்கமும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டே ஆக வேண்டுமென்றால் கால்யோவைத்தான் கேட்க வேண்டும். அவர் மூன்றாவது மரத்தில் இருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், தான் சொன்ன பொய்யாலேயே தன் சிலுவையைப் பெயர்த்துக்கொண்டு வீட்டுக்கு வர வழி பார்த்திருக்கிறார் மனிதர். சாமர்த்தியம் அப்படி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அன்று அவர் அந்தப் பொய்யைச் சொல்லியிராவிட்டால் அன்றிருந்த சிலுவை மரங்களெல்லாம் அப்போதே போயிருக்கும். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவரை நன்றியோடு நினைக்கிறேன். வேறொன்றைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

8. வெட்டப்பட்ட அந்த மரத்துண்டு இப்போது என் வெளிக்கதவுக்கு எதிரே, பழைய பால் மேடையில் இருக்கிறது. கறவைக்காரர்கள் பால் கேன்களை வைத்த மேடை; இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. அந்தச் சிலுவை யாருடையது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காட்டுக்குள் ஒரு பண்ணைவீடு இருந்ததாம். அந்த வீட்டாரைக் கூட்டுப்பண்ணைகள் தொடங்கிய காலத்தில் ஒரு மார்ச் மாதம் அரசுப் படையினர் சரக்கு ரயிலில் ஏற்றிக் கிழக்கே நாடுகடத்தினார்கள், யாரும் திரும்பவில்லை, வீடு இருந்த இடத்தில் இன்று மரம் முளைத்திருக்கிறது. அவர்களுக்கு முன்பே இறந்து, வளைவில் தங்கிவிட்ட யாராவது இருக்கலாம் என்கிறார் ஊனோ. மரம் விழுந்ததும் அவர் எழுந்து வீட்டைத் தேடிப் போயிருப்பார், வீடே இருந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. என்னுடைய தவறான பதிலால்தான் அவர் மரம் முதலில் விழுந்தது. மேடையில் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியும் கொஞ்சம் உப்பும் வைத்திருக்கிறேன். ரிப்பனை அவிழ்த்துவிட்டேன். பெயர் தெரியாததால் விருந்தாளி என்றே அழைக்கிறேன். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

9. மேற்கண்ட காரணங்களை முன்னிட்டுத் தாங்கள் கனிவோடு செய்ய வேண்டியவை:

(அ) பார்வை இரண்டில் கண்ட கடிதத்திலிருந்து "தற்காலிகமாக" என்ற சொல்லை நீக்கி, புதிய கடிதம் ஒன்று வழங்க வேண்டும். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

(ஆ) பலகையிலுள்ள பனிப்பூவை அகற்ற வேண்டும். பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். எழுத்துகள் சரியாகவே இருக்கின்றன, பூதான் தவறு. பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பச் சிரமம் என்றால், ஊனோ ஏணியோடு தயாராக இருக்கிறார்.

(இ) விருந்தாளியின் மரத்துண்டை, மிச்சமிருக்கும் அடிமரத்தோடு சேர்த்துப் பொருத்திவைக்க அனுமதி தர வேண்டும். சாலை நிலம் தங்களுடையது என்பதால்தான் அனுமதி கேட்கிறோம். வேலை எங்களுடையது. போனவர் தேடி அலுத்துத் திரும்பி வந்தால், இருக்க ஓர் இடம் வேண்டும்.

(ஈ) இது எனக்காக. ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம் என்று மேலே எழுதினேன். என் காலம் வரும்போது, யாரும் எதுவும் கேட்காமலே என் சிலுவையைக் கால்யோவின் மரத்தில், அவர் சிலுவைக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். பாசமான மனைவி என்று நினைத்து நல்ல மனதோடுதான் செய்வார்கள். அப்போது என்னால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால் இப்போதே சொல்கிறேன். எனக்கென்று வேறொரு மரத்தை ஒதுக்கி, அதைத் தங்கள் ஆட்கள் ஒருபோதும் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மரம் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தங்கள் கடிதம் கிடைத்த மறுநாள், முதல் தடவையாக யா வளைவில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மூன்றாவது மரத்தின் முன்னால் போய் நின்றேன். சிலுவையின் ஒரு கை நீளமாகத்தான் இருக்கிறது. வெட்டு ஆழமாகத்தான் இருக்கிறது. இன்னும் பிசின் வடிகிறது. கோபமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன், கோபம் வரவில்லை. "யா" என்று மட்டும் சொன்னேன். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். பதினோரு ஆண்டுகளாகப் பேருந்து ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு போனது அந்தப் பக்கத்து மரங்களைத்தான். அவற்றில், கீழ்க்கிளை ஒடிந்து, உச்சி இரண்டாகப் பிரிந்த பைன் மரம் ஒன்று உண்டு. என் சிலுவையை அதில் வெட்டுவதாகவும், ஆழமாக வெட்டத் தேவையில்லை என்பதாகவும் ஊனோவும் நானும் பேசி முடித்திருக்கிறோம். அடையாளத்துக்கு நீலக் கம்பளி நூல் கட்டியிருக்கிறேன். கைவசம் சிவப்பு நூல்தான் இருந்தது. சிவப்பைக் கண்டால் வெட்டச் சொல்லும் குறி என்று தங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று ஊனோ சொன்னதால், போர்வையின் ஓரத்தைப் பிரித்து நீலம் எடுத்தேன்.

அவர் அந்தப் பக்கம் இருக்கட்டும், நான் இந்தப் பக்கம் இருந்துகொள்கிறேன். நடுவில் தங்கள் சாலை போகட்டும். வளைந்தே போகட்டும் ஐயா.

இடம்: சிர்குபாலோ
நாள்: 14 அக்டோபர் 2014

ஜன்னலைத் திறந்து வைத்துத் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மைமு தாகெல்

சாட்சி: ஊனோ தாகெல், மூன்றாவது மரத்தில் சிலுவை வெட்டியவர்